ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொரு ஆளாக இருக்கிறேன். இதில் நான் யார்?

கேள்வி சுருக்கமாக இது: பதினைந்து வயது. வீட்டில் வாயே திறக்காத ஆள், வகுப்பு நண்பர்கள் நடுவே கலாட்டா பேர்வழி, சின்ன வயதிலிருந்து பழகும் ஒருவரிடம் மட்டும் மனம்விட்டுப் பேசும் ஆள். குழுவில் இடம் போய்விடக் கூடாதே என்று சிரிப்பே வராத கேலிக்கும் சிரிக்க வேண்டியிருக்கிறது, பிடிக்காததையும் பிடித்ததாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் எது நிஜமான நான்? எல்லாரும் இப்படித்தானா, நான் மட்டும்தானா? பேசாமல் குழுவை விட்டே விலகிவிடலாமா?

மூன்று பேரும் நீங்கள்தான். இடத்துக்கும் ஆளுக்கும் தக்கபடி பேச்சு மாறுவது எல்லோருக்கும் நடப்பது. மேலதிகாரியிடம் பேசுவதுபோல் கைக்குழந்தையிடம் யாரும் பேசுவதில்லை. ஆகவே மாறுகிறேனே என்று கவலைப்பட வேண்டாம். சில மாற்றங்களுக்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன என்று பாருங்கள். அந்த விலையில் பாதிக்கு மேல் குழு கேட்காமலே, கேட்பதாக நாமே நினைத்துக்கொண்டு கொடுப்பது. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க வேண்டியதில்லை என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த நீண்ட பதில்.

முதலில், இந்தக் குடைச்சல் ஏன் இப்போது வந்தது? பத்து வயதிலும் வீட்டில் ஒரு மாதிரி, விளையாட்டில் ஒரு மாதிரிதான் இருந்திருப்பீர்கள். இரண்டையும் அருகருகே வைத்து 'இது அதோடு பொருந்தவில்லையே' என்று கவனிக்கும் திறன் அப்போது இல்லை. அது பதின்வயதின் நடுவில் வருகிறது. ஆனால் பொருந்தாத இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, 'பழகியவர்களிடம் கலகலப்பு, புதியவர்களிடம் கூச்சம், இதுதான் என் சுபாவம்' என்று புரிந்துகொள்ளும் திறன் இன்னும் ஓரிரு வருடம் கழித்துத்தான் கைகூடுகிறது. இடைப்பட்ட காலத்தில் முரண்பாடு கண்ணுக்குத் தெரியும், விடை தெரியாது. அமெரிக்க உளவியலாளர் சூசன் ஹார்ட்டர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் ஏழாம், ஒன்பதாம், பதினோராம் வகுப்பு மாணவர்களை ஒப்பிட்டார். தங்களுக்குள் முரண்பாடு இருக்கிறது, அது உறுத்துகிறது என்று அதிகம் சொன்னவர்கள் நடுவில் இருந்த ஒன்பதாம் வகுப்புக்காரர்கள். அதாவது, உங்கள் வயதுக்காரர்கள்.

அவர் அந்த ஆய்வில் கையாண்ட முறையைக் கொஞ்சம் எளிதாக்கி நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைத்தாளும் அரை மணி நேரமும் போதும். வீடு, வகுப்பறை, நண்பர் குழு, நெருக்கமான ஒருவர் என்று நான்கு தலைப்பு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஐந்தாறு குறிப்புகள். தாளின் பின்பக்கம் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போடுங்கள். 'இது இல்லாவிட்டால் நான் நானில்லை' என்று தோன்றுபவை உள்வட்டத்தில். இருந்தாலும் சரி, போனாலும் சரி என்பவை வெளிவட்டத்தில். மீதி நடுவில். பிறகு ஒன்றுக்கொன்று எதிரானவற்றைக் கோடு போட்டு இணையுங்கள். அந்தக் கோடுகளில் எவை உங்களை உண்மையிலேயே உறுத்துகின்றனவோ அவற்றை மட்டும் தடிமனாக்குங்கள்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, குணத்துக்கு மதிப்பெண் போடுவது. 'நல்ல டைப்', 'வேஸ்ட்', 'போலி' என்று எழுதினால் அந்தத் தாள் எதற்கும் உதவாது. நடப்பதை எழுத வேண்டும்: 'மற்றவர் பேசி முடித்த பிறகுதான் கருத்துச் சொல்வேன்', 'கேலி ஆரம்பித்தால் முதலில் சேர்ந்துகொள்வேன்', 'கேட்டால் மறுக்க மாட்டேன்' என்பதுபோல. இன்னொரு தவறு, யாருடனாவது சண்டை போட்ட அன்று இரவே உட்கார்ந்து எழுதுவது. அன்றைக்கு எல்லாக் கோடும் தடிமனாகத்தான் வரும். இரண்டு நாள் பொறுத்து எழுதுங்கள்.

தாளைப் படிப்பதிலும் ஒரு விதி உண்டு. இரண்டு முனையும் வெளிவட்டத்தில் இருக்கும் கோடுகளை மறந்துவிடலாம். வீட்டில் அமைதி, நண்பர்களிடம் சத்தம் என்பது பெரும்பாலும் அந்த ரகம். ஒரு முனை உள்வட்டத்தைத் தொடும் தடிமனான கோடுகள்தான் கவனிக்க வேண்டியவை. உதாரணமாக, நெருக்கமானவரிடம் 'யாரையும் நோகடிக்கப் பிடிக்காது' என்பது உள்வட்டம்; குழுவில் 'கேலியில் முதலில் சேர்வேன்' என்பது வெளிவட்டம். அந்தக் கோடு உறுத்துகிறது என்றால் அங்கே வேலை இருக்கிறது. இப்படிப்பட்ட கோடு இரண்டு மூன்றுக்கு மேல் தேறாது. 'நான் முழுக்கப் போலி' என்று வீங்கியிருந்த பயம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும்.

அடுத்தது விலை. குழுவுக்காக நாம் செய்யும் விட்டுக்கொடுப்பு எல்லாம் ஒரே எடை அல்ல. குறைத்துக்கொள்வது ஒரு வகை: உங்களுக்குப் பறவைகள் என்றால் உயிர், குழுவுக்கு அதில் அக்கறை இல்லை, அங்கே அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சொல்லாமல் விடுவது இன்னொரு வகை: வீட்டுப் பிரச்சினை, நம்பிக்கை, யார் மீது ஈர்ப்பு, உடல் பற்றிய சங்கடம். இவற்றை யாரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை. சொல்லாததால் நீங்கள் பொய்யர் ஆகிவிட மாட்டீர்கள். அதுவும், சொன்னால் வீட்டிலோ வெளியிலோ பாதுகாப்புக் குறையும் என்றால் மறைத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். 'உண்மையாக இரு, எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்' என்று சிலர் பொத்தாம்பொதுவாக உபதேசிப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது வகையில்தான் செலவு ஏறுகிறது: இல்லாததை இருப்பதாகச் சொல்வது. பார்க்காத தொடரைப் பார்த்தேன் என்பது, போகாத இடத்துக்குப் போனேன் என்பது, இல்லாத காதலைச் சொல்வது. ஒருமுறை சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டும். யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். குழுவோடு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் காரணமே இல்லாமல் களைப்பாக இருக்கிறது என்றால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகிக்கலாம். இதற்கு மாற்று எளிது: "நான் பார்த்ததில்லை, எதைப் பற்றியது?" தெரியாததை ஒப்புக்கொண்டு கேள்வி கேட்பவரை யாரும் குழுவை விட்டுத் தள்ளுவதில்லை, சொல்பவருக்கு விளக்குவதில் ஒரு சந்தோஷம். நான்காவது வகை, தப்பு என்று தெரிந்தே செய்வது: ஒருவரைச் சேர்ந்து ஒதுக்குவது, திருட்டு, போதைப்பொருள், அடுத்தவர் படத்தைப் பரப்புவது. இது உள்வட்டத்தில் கைவைக்கும். இதைக் கட்டணமாகக் கேட்கும் குழு எதுவும் அந்தக் கட்டணத்துக்குத் தகுதியானதில்லை.

'எல்லாரும் இப்படித்தானா' என்று கேட்டீர்களே, அதற்கு ஆய்வுகளில் நல்ல பதில் இருக்கிறது. 1993-இல் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் இருவரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் வளாகத்தில் நடக்கும் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டார்கள். 'எனக்கு அதில் சங்கடம் உண்டு, ஆனால் மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை' என்பதுதான் பதில்களில் தெரிந்த போக்கு. மற்றவர்கள் என்று அவர்கள் சொன்ன அதே ஆட்கள்தான் அந்தப் பக்கம் உட்கார்ந்து அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் சங்கடத்தை உள்ளிருந்து பார்க்கிறார், மற்றவர்களின் சிரிப்பை வெளியிலிருந்து பார்க்கிறார். அதனால் எல்லோரும் ஏற்றுக்கொண்டதுபோல் தோன்றும் வழக்கத்தை உண்மையில் பாதிப் பேர்கூட விரும்பாமல் இருக்கலாம். உங்கள் குழுவில் அந்தக் கேலிக்குச் சிரிக்கும் ஆறு பேரில் இன்னும் ஒருவராவது உங்களைப் போலவே வாயால் மட்டும் சிரித்துக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அந்த ஒருவர் ஏன் முக்கியம் என்பதை சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனைகள் காட்டின. ஒரு கோட்டுக்குச் சமமான நீளமுள்ள கோடு எது என்று மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். விடை கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆனால் அறையில் இருந்த மற்ற எல்லோரும் முன்பே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள், கூசாமல் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். நிஜமாகச் சோதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடவை அந்தத் தவறான விடையையே சொன்னார்கள். இந்தக் கணக்கைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். உங்களுக்குத் தேவையானது அடுத்த பகுதி. அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லும்படி ஏற்பாடு செய்தபோது, கூட்டத்துக்குப் பணிந்து தவறுவது கால்வாசியாகக் குறைந்தது. சத்தமாகச் சொல்லாமல் தனியாக எழுதிக் கொடுக்கச் சொன்னபோதும் வெகுவாகக் குறைந்தது. எனவே, குழு முழுவதையும் எதிர்த்து நிற்கும் வீரம் வேண்டியதில்லை. ஒரு துணை போதும். அந்தத் துணையைக் குழு நடுவே தேடாமல் தனியாகப் பேசும்போது தேட வேண்டும்: "அன்னைக்கு அந்தக் கேலி கொஞ்சம் ஓவரா இருந்துச்சுல்ல?" என்று நடந்துபோகும்போது சாதாரணமாகக் கேட்டால் போதும். "ஆமா" என்று வந்தால் ஆள் கிடைத்துவிட்டார். "அதெல்லாம் சும்மா ஜாலிக்கு" என்று வந்தால் பேச்சை மாற்றிவிடலாம், நஷ்டம் இல்லை.

சிரிப்பு வராத கேலியை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒருவர் இன்னொருவரின் உடம்பையோ பேச்சையோ வைத்து ஏதோ சொல்கிறார். அடுத்த இரண்டு மூன்று விநாடிக்குள் எல்லோர் பார்வையும் எல்லோர் முகத்தையும் தொட்டுவிட்டு வரும். அந்த நேரத்தில்தான் நீங்கள் சிரித்துவிடுகிறீர்கள், யோசித்து அல்ல, பழக்கத்தில். இங்கே உங்களுக்கு 'சிரி' அல்லது 'சண்டை போடு' என்று இரண்டே வழிதான் இருப்பதாகத் தோன்றும். நடுவில் நிறைய இடம் இருக்கிறது. மிகச் சின்னது, சிரிக்காமல் இருப்பது: முகத்தைச் சுளிக்க வேண்டாம், பையின் ஜிப்பைச் சரிசெய்வதுபோல் கையை வேறு வேலையில் விடுங்கள், அந்த மூன்று விநாடி கடந்துவிடும். அதற்கு அடுத்தது, கேலிக்கு ஆளானவரிடம் வேறு விஷயம் பேசுவது: "நேத்து நீ அனுப்பினது பார்த்தேன், அப்புறம் என்ன ஆச்சு?" பேச்சின் திசை மாறும், அவருக்கும் நின்றுகொள்ள ஓர் இடம் கிடைக்கும். அதற்கும் மேலே, "ஏய், போதும்ப்பா" என்று ஒரே சொல்லில், சிரித்த முகத்தோடு, ஒரே தடவை.

இதில் காரியம் கெடுவது பிரசங்கத்தால். "இப்படிப் பேசுறது எவ்வளவு தப்பு தெரியுமா" என்று ஆரம்பித்தால் கேலி செய்தவர் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உங்கள் பக்கம் திரும்பியாக வேண்டும். அவரிடம் சொல்லத்தான் வேண்டும் என்றால் தனியாக, அன்றே, இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். பார்வையாளர்கள் இல்லாத இடத்தில் ஆட்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு நியாயமாக நடந்துகொள்வார்கள்.

பார்வையாளர்கள் என்றதும் நினைவுக்கு வருவது: உங்களை எவ்வளவு பேர் கவனிக்கிறார்கள் என்ற கணக்கிலும் பதின்வயதில் பெரிய பிழை விழுகிறது. 1967-இல் உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் இதைக் கற்பனைப் பார்வையாளர் கூட்டம் என்று குறிப்பிட்டார். எந்நேரமும் எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுபோன்ற உணர்வு. வயது ஏறினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 2000-இல் தாமஸ் கிலோவிச் குழுவினர் கல்லூரி மாணவர்களைச் சங்கடமான படம் போட்ட டிசர்ட்டோடு ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்; கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசி. நீங்கள் சிரிக்காத அந்த மூன்று விநாடியையும் இந்தக் கணக்கோடு பாருங்கள்.

மறுப்பது எப்படி என்பது தனிக் கலை. இங்கே ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும்: நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது உங்கள் தீர்ப்பு தனியாக இருக்கும்போது உள்ளதுபோல் வேலை செய்யாது. 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். கூட நண்பர்கள் இருந்தபோது 13 முதல் 16 வயதுக்காரர்கள் எடுத்த ஆபத்தான முடிவுகள் வெகுவாக ஏறின. 24 வயதைத் தாண்டியவர்களிடம் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே 'அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்பது தப்பான திட்டம். எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்பதைத் தனியாக இருக்கும்போதே முடிவு செய்து, சொல்லப்போகும் வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவைக்க வேண்டும். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும்: "எனக்கு வேண்டாம், நீங்க பாருங்க." காரணம் சேர்க்காதீர்கள். காரணம் சொன்னால் அதை உடைக்க முடியும். 'வீட்டில் திட்டுவார்கள்' என்றால் 'தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வரும். இரண்டாம் முறை வற்புறுத்தினால் அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை இடத்தை விட்டு நகர வேண்டும், எனவே எப்படிக் கிளம்புவது, யாரைக் கூப்பிடுவது என்பதையும் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஆறுதலுக்கு ஒன்று: சகவயதினரின் அழுத்தத்தைத் தாங்கும் திறன் 14-இலிருந்து 18 வரை படிப்படியாக ஏறுகிறது என்று ஸ்டைன்பெர்க்கும் கேத்ரின் மொனஹனும் 2007-இல் காட்டினார்கள். இப்போது கடினமாக இருப்பது உங்கள் பலவீனத்தால் இல்லை.

இனி, சேர்வது பற்றி. எந்தக் குழுவும் தனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு நுழையும் விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. மார்த்தா புட்டல்லாஸ், ஜான் காட்மன் இருவரும் 1981-இல் சிறுவர்கள் ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்குள் எப்படி நுழைகிறார்கள் என்று கவனித்தார்கள். ஏற்றுக்கொள்ளப்படாதவர்கள் தங்களைப் பற்றிப் பேசினார்கள், தங்கள் கருத்தைச் சொன்னார்கள், மறுத்துப் பேசினார்கள். அதாவது, ஓடிக்கொண்டிருப்பதைத் தங்கள் பக்கம் திருப்பப் பார்த்தார்கள். இதை உங்கள் வயதுக்கு மாற்றினால்: ஒரு பேச்சு நடக்கும் இடத்துக்குப் போய் நின்றதும் ஒரு நிமிடம் கேளுங்கள். என்ன விஷயம் ஓடுகிறது என்று பிடிபட்டதும் அதையே நீட்டும் ஒரு வாக்கியமோ கேள்வியோ சொல்லுங்கள். உங்கள் சொந்த விஷயம் இரண்டாவது, மூன்றாவது சுற்றில் வரட்டும். ஐந்து பேர் கூட்டத்தை விட இரண்டு மூன்று பேர் கூட்டத்தில் நுழைவது எளிது. எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதை விட, கைக்கு ஒரு வேலை இருக்கும் இடங்கள் (விளையாட்டுப் பயிற்சி, இசை, நாடகம், அறிவியல் செயல்திட்டம்) கூச்ச சுபாவக்காரர்களுக்கு ஆயிரம் மடங்கு உகந்தவை.

பொறுமையும் வேண்டும். நட்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஜெஃப்ரி ஹால் ஆராய்ந்தார், 2018-இல் வெளிவந்தது. பழக்கம் சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். புதிய ஊருக்குக் குடிபெயர்ந்த பெரியவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும் வைத்து எடுத்த கணக்கு என்பதால் உங்களுக்கு அச்சுப்பிசகாமல் பொருந்தும் என்று எடுக்க வேண்டாம். ஆனால் அதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்: ஒரே இடத்தில் வேலை பார்க்கும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை, சேர்ந்து பொழுதுபோக்கும் நேரம் சேர்கிறது. வகுப்பில் வருடம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒட்டாமல் இருப்பது இதனால்தான். இரண்டு வாரம் முயன்றுவிட்டு 'எனக்கு யாரும் செட் ஆக மாட்டார்கள்' என்று முடிவுகட்டுவது கணக்குப்படியே அவசரம்.

யாரோடு சேர்வது என்பதிலும் ஒரு குழப்பம். எல்லோரும் பார்க்கும் ஆளும், எல்லோருக்கும் பிடித்த ஆளும் ஒருவரே என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் இருவரும் வேறு வேறு ஆட்கள். வகுப்பில் ரகசியமாக 'யாரோடு இருக்கப் பிடிக்கும்' என்று கேட்டால் வரும் பெயர்களும் 'யார் பாப்புலர்' என்று கேட்டால் வரும் பெயர்களும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகும். ஜோசப் ஆலன் குழுவினர் 184 பேரை 13 வயதிலிருந்து 23 வயது வரை தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியிட்டதில், சின்ன வயதிலேயே பெரியவர்போல் நடந்து, காதல், சின்னச் சின்ன விதிமீறல், பார்க்க அழகானவர்களோடு மட்டும் பழகுவது என்று கெத்துக் காட்டியவர்களுக்கு ஆரம்பத்தில் மவுசு இருந்தது. சில வருடங்களில் அது கரைந்தது. 23-இல் உறவுகளிலும் குடி, போதைப் பழக்கத்திலும் மற்றவர்களை விட அதிகச் சிக்கல். ஆகவே குழுவில் யார் பக்கத்தில் இடம் பிடிப்பது என்று பார்க்கும்போது அதிகம் பார்க்கப்படுபவரை விட, தன்னிடம் சொன்னதை வெளியில் சொல்லாதவர் யார், நீங்கள் இல்லாத நாளில் உங்களை விசாரித்தவர் யார் என்று பாருங்கள்.

'நம்ம ஆளு' என்ற உணர்வு எவ்வளவு சின்ன விஷயத்தில் பற்றிக்கொள்ளும் என்பதும் தெரிந்திருப்பது நல்லது. ஹென்றி தாஜ்ஃபெல் 1971-இல் வெளியிட்ட சோதனையில் 14, 15 வயதுப் பையன்களை இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்ற சாக்கில் இரண்டு பிரிவாக்கினார். உண்மையில் அந்தப் பிரிப்பு குருட்டாம்போக்கில் செய்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, தனக்கு லாபமும் கிடையாது. அப்படியும் காசு பங்கிடச் சொன்னபோது தன் பிரிவுக்காரர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். உங்கள் குழு 'அந்தக் கும்பல் அப்படித்தான்' என்று இன்னொரு குழுவைப் பற்றிச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கும்பலில் ஒருவரோடு உங்களுக்கு ஒத்துப்போகலாம்.

வாட்ஸ்அப் குழு போன்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அங்கே ஸ்க்ரீன்ஷாட் உண்டு, அமைதியும் பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் முகம் தெரியாது, எனவே கேலிக்கு ஸ்மைலி போடாமல் விடுவது நேரில் சிரிக்காமல் இருப்பதை விட எளிது. அங்கிருந்தே பயிற்சியைத் தொடங்கலாம். கோபத்தில் எழுதியதை மறுநாள் காலை வரை அனுப்பாமல் வைப்பதும், ஒருவரைப் பற்றி அவர் இல்லாத குழுவில் எழுதாமல் இருப்பதும் பாதி வில்லங்கத்தைத் தவிர்க்கும்.

'நிஜமான நான்' என்ற கேள்விக்கு மறுபடி வருகிறேன். உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950, 60-களில் பதின்வயதின் முக்கிய வேலையே இந்தத் தேடல்தான் என்று எழுதினார். ஜேம்ஸ் மார்சியா 1966-இல் அதை இரண்டு கேள்வியாக உடைத்தார்: தேடிப் பார்த்தாயா? ஒன்றை ஏற்றுக்கொண்டாயா? தேடாமலே வீடோ குழுவோ கொடுத்ததை அப்படியே ஏற்றவர் ஒரு நிலை. தேடவும் இல்லை, ஏற்கவும் இல்லை என்பது இன்னொன்று. தேடிக்கொண்டிருப்பவர், தேடி முடித்து ஏற்றவர் என்று மற்ற இரண்டு. உங்கள் கேள்வியைப் பார்த்தால் நீங்கள் தேடிக்கொண்டிருப்பவர். நான்கில் அதிகம் அலைக்கழிக்கும் நிலை இதுதான், ஆனால் சரியான வரிசையில்தான் இருக்கிறீர்கள். தேடல் என்பது அறையில் படுத்துக்கொண்டு யோசிப்பது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். யோசித்து யோசித்து 'நான் யார்' என்று யாரும் கண்டுபிடிப்பதில்லை; செய்து பார்த்துத்தான் தெரிகிறது. ஒரு சமயத்தில் ஒன்றை எடுங்கள்: ஓர் இசைக்கருவி, ஓடுவது, எழுதுவது, தன்னார்வ வேலை. ஒன்றிரண்டு மாதம், வாரம் இரண்டு தடவை. முடிவில் 'இதில் கெட்டிக்காரராக இருக்கிறேனா' என்று கேட்காமல், 'யாரும் பார்க்காவிட்டாலும் இதைச் செய்வேனா' என்று கேளுங்கள். ஆம் என்றால் அது உங்கள் உள்வட்டத்துக்கு நகர்கிறது. முடி வெட்டும் விதம், உடை, பிடித்த இசை எல்லாம் திரும்ப மாற்றிக்கொள்ளக்கூடியவை, தாராளமாகப் பரிசோதிக்கலாம். பச்சை குத்துவது, படிப்பை விடுவது, அந்தரங்கப் படத்தை அனுப்புவது திரும்பப் பெற முடியாதவை. தேடிக்கொண்டிருக்கும் காலத்தில் அவற்றைத் தொட வேண்டாம்.

எல்லாமே வயதுக் கோளாறு என்று தள்ளிவிடவும் கூடாது. தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடே இல்லாமல் போனால், குழுவில் யாராவது திரும்பத் திரும்ப அடித்தாலோ மிரட்டினாலோ பணம் கேட்டாலோ, இது அடையாளத் தேடல் அல்ல. பெரியவர் ஒருவரின் உதவி தேவைப்படும் விஷயம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், "நான் சொல்றதை முழுசா கேட்டுட்டு அப்புறம் பேசுங்க" என்று ஆரம்பித்து, என்ன நடந்தது, எப்போது, எத்தனை தடவை என்று மட்டும் சொல்லுங்கள். முதலில் சொன்னவர் சாதாரணமாக எடுத்துக்கொண்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள்: பெற்றோர், ஆசிரியர், ஆலோசகர், மருத்துவர், யாராக இருந்தாலும் சரி. உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ சாகும் எண்ணமோ வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், தனியாக இருக்கக் கூடாது.

கடைசியாக, விலகலாமா? தாளில் பார்த்த தடிமனான கோடுகள் இரண்டு மூன்றுதான், குழுவில் ஒரு துணையும் தேறுகிறது என்றால் விலகத் தேவையில்லை. அந்த இரண்டு மூன்றை மட்டும் நிறுத்திவிட்டு ஒரு மாதம் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. முதல் வாரத்தில் "என்ன, சாமியார் ஆயிட்டியா" என்று ஒரு கிண்டல் வரும், அதைச் சிரித்துக் கடந்தால் இரண்டாம் வாரத்தில் மறந்துவிடுவார்கள். குழு அந்த நான்காம் வகைக் கட்டணத்தைக் கேட்கிறது, மறுத்தால் ஒதுக்குகிறது என்றால் விலகுவதுதான் சரி. ஆனால் அறிவிப்புச் செய்துவிட்டு விலகாதீர்கள். 'இனி உங்களோடு இல்லை' என்று சொன்ன நொடியில் அது சண்டை ஆகிவிடும், எல்லோரும் பக்கம் எடுக்க வேண்டிவரும். முதலில் வேறோர் இடத்தில் கால் ஊன்றுங்கள்: அந்தப் பழைய தோழமை, ஒரு பயிற்சி வகுப்பு, வேறு பிரிவில் ஓரிருவர். பிறகு பழைய குழுவோடு இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஐந்து நாள் சேர்ந்து இருந்தது மூன்று, பிறகு ஒன்று. கேட்டால் "இப்ப பயிற்சி இருக்கு" என்ற உண்மையான காரணமே கையில் இருக்கும். எதிரே பார்த்தால் வணக்கமோ தலையசைப்போ தொடரட்டும். அவர்களைப் பற்றிப் புதியவர்களிடம் குறை சொல்லாதீர்கள். கேட்பவர், நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவீர்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்வார்.